வால் முந்தி வரும் குட்டி

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாடு, எருமை, ஆடு என்றே என் காலம் போனது. ஆனால் இன்று பேசப்போவது ஓங்கில் குட்டியைப் பற்றி. ஓங்கில் என்றால் டால்பின். நம் கடற்கரையில் ஓங்கில், ஓங்கல் என்பார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

மாட்டு டாக்டருக்கு ஓங்கிலோடு என்ன வேலை? அதற்கு ஒரு மார்கழி இரவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு சிற்றூர். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பையன் சைக்கிளில் வந்து எழுப்பினான். "அய்யா, மாடு ரொம்ப நேரமா முக்குது, கன்னு வரலை" என்றான். போய்க் கையை விட்டுப் பார்த்தேன். குளம்பு தட்டியது. ஆனால் அதன் அடிப்பக்கம் மேல்நோக்கி இருந்தது. இன்னும் உள்ளே போனால் தலை இல்லை, வால்! மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், முன்னங்கால் இரண்டும் அதன்மேல் மூக்கும் வந்தால் நிம்மதி. பின்பக்கம் முந்தினால் தொப்புள்கொடி நசுங்கும். தலை உள்ளேயே இருக்கும்போது கன்று மூச்சிழுத்தால் நெஞ்சுக்குள் நீர்தான் போகும். கயிறு கட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுத்தோம். இடுப்பு வெளியே வந்த பிறகு ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. கன்று தரையில் அசையாமல் கிடந்தது. மூக்குக்குள் வைக்கோலை விட்டுக் கிளறினேன். தும்மியது பாருங்கள்! அந்த வீட்டுப் பாட்டி அழுதேவிட்டார். விடிவதற்குள் கன்று சீம்பால் குடித்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஓங்கில் குட்டி பெரும்பாலும் வால் முந்தித்தான் பிறக்கிறது. நான் எதைக் கண்டு அன்று பயந்தேனோ, அது அங்கே இயல்பு. இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதமும் சில நாளும். ஓங்கிலுக்குப் பன்னிரண்டு மாதம். ஒரே குட்டி, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். முதுகுத் துடுப்பு துவண்டு கிடக்கும். வயிற்றுக்குள் மடிந்து கிடந்த அடையாளமாக உடம்பில் வெளிர்க்கோடுகள் தெரியும். இஸ்திரி போடாத சட்டையின் மடிப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் அது மேலே போய் மூச்சு வாங்கவேண்டும். ஓங்கில் மீனில்லை, நம்மைப்போல நுரையீரலால் மூச்சு விடுகிறது.

பசு நக்கி நக்கித் தன் கன்றை அறியும். ஓங்கில் நக்குவதில்லை, சீழ்க்கை அடிக்கிறது. ஒவ்வொரு ஓங்கிலுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு, நமக்குப் பெயர் மாதிரி. குட்டி பிறந்த நாட்களில் தாய் தன் சீழ்க்கையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். பால் குடிப்பதும் அப்படித்தான் வியப்பு. காம்பு வெளியே தொங்காது, வயிற்றோரப் பிளவுக்குள் இருக்கும். குட்டி நாக்கைச் சுருட்டிப் பற்றிக்கொள்ள, தாய் பாலைப் பீய்ச்சிவிடும். சில நொடிகளில் முடிந்துவிடும். கொழுப்பில் நம் எருமைப்பால் அதன் அருகில் நிற்காது.

மகள் இருக்கும் வெளிநாட்டு ஊரில் ஒரு கடல்விலங்குக் காட்சியகத்துக்குப் போயிருந்தேன். பிறந்து ஒன்பது நாள் ஆன குட்டி, தாயோடு கண்ணாடித் தொட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெண் ஊழியர் அட்டையும் பேனாவுமாக நின்று, ஒவ்வொரு முறை பால் குடிப்பதையும் குறித்தார். ராத்திரி முழுக்க ஆள் மாறி மாறிக் குறிப்பார்களாம். அவர்களுடைய அக்கறை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சுற்றுகளை எண்ணத் தொடங்கினேன். நூறு வரை எண்ணினேன். குட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

நிற்காது. அதுதான் விஷயம். பிறந்த குட்டிக்கு மிதக்க உதவும் கொழுப்பு குறைவு. தாயின் விலாவை ஒட்டியே நீந்தும், தாய் கிழித்துப்போகும் தண்ணீர் அதையும் இழுத்துச் செல்லும். முதல் மாதம் தாயும் குட்டியும் ஏறக்குறைய ஓய்வே எடுப்பதில்லை என்று 2005-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நீந்திக்கொண்டே அவை உறங்குகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு மறுத்தார்கள். எது சரியானாலும் நீச்சல் நிற்பதில்லை. நேரே போய்க்கொண்டே இருக்கப் பிறந்த ஒரு உயிருக்கு, சில விநாடிக்கு ஒருமுறை சுவர் வருகிறது. எத்தனை அன்பான ஊழியர் நின்றாலும் அந்தச் சுவர் விலகப்போவதில்லை.

தொட்டியில் குட்டி பிறந்து வளராது என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில், புளோரிடாவில், 1953-இல் தொட்டியில் பிறந்த நெல்லி என்ற ஓங்கில் 2014 வரை 61 வயது வாழ்ந்தது. நம் பக்கத்தில் நடந்தது வேறு. 1998-இல் சென்னைக்குத் தெற்கே ஒரு பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த ஓங்கில்கள் சில மாதத்திலேயே இறந்துபோயின. 2013 மே மாதம் மத்திய அரசு இந்தியாவில் ஓங்கில் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர், வயது எழுபதுக்கு மேல். "டாக்டரே, தாயும் குட்டியுமா வந்தா நாங்க வலையைத் தள்ளித்தான் போடுவோம். குட்டி தாய் வயித்தை விட்டு ஒரு முழம் அகலாது" என்றார். தொட்டியில் நான் பார்த்ததும் அந்த ஒரு முழம்தான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். நம் கடலில் இருக்கும் ஓங்கில் வகைகளைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன், அது போகட்டும். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கரையில் ஓங்கில் ஒதுங்கிக் கிடந்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். ஈரத்துணி போர்த்துங்கள், ஆனால் தலைமேல் மூச்சுத்துளையை மூடவேண்டாம், அதில் தண்ணீரும் ஊற்றவேண்டாம். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் குட்டி இருந்தால், இரண்டையும் பிரிக்காமல் வையுங்கள். வணக்கம்.