"நான் அந்த அர்த்தத்துல சொல்லலை"

நடுவர் அவர்களே, 'அரசியல் மேடையில் ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்பவர் சொன்னவரா, கேட்டவரா?' என்பது தலைப்பு. கேட்டவர்தான் என்று பேச வந்திருக்கேன். எதிரணி அண்ணன் காங்கிரஸ்காரர் மணிசங்கர் ஐயர் கதையைச் சொல்லி, 'பாவம், இந்தி சரியா வராத மனுஷன், மாட்டிக்கிட்டார்'னு உங்க கண்ணைக் கலங்க வெச்சுட்டுப் போயிட்டார். அதே கதைதான் எனக்கும் வேணும்.

2017 டிசம்பர் 7. குஜராத்தில் முதல் கட்ட ஓட்டுப்பதிவுக்கு ரெண்டே நாள். பிரதமர் மோடியை 'நீச் கிஸ்ம் கா ஆத்மி', அதாவது கீழ்த்தரமான ஆள்னு இந்தியில சொல்றார் ஐயர். அன்னைக்கே சூரத் கூட்டத்துல மோடி அதைச் சாதி வசவா எடுத்துக்கிட்டுப் பதில் பேசறார். ஐயர் என்ன சொன்னார்? 'இந்தி என் தாய்மொழி இல்லை. இங்கிலீஷ்ல "லோ" (low)னு நினைச்சேன், "நீச்"னு மொழிபெயர்த்தேன். தாழ்ந்த பிறப்புன்னு அதுக்கு அர்த்தம் இருந்தா மன்னிச்சுக்குங்க.'

அந்த 'இருந்தா'வைக் கவனிங்க. பஸ்ஸுல காலை மிதிச்சுட்டு, 'வலிச்சிருந்தா மன்னிச்சிடுங்க'னு சொல்ற ஆளைப் பார்த்திருப்பீங்களே!

சரி, தெரியாமத்தான் சொன்னார்னே வெச்சுக்குவோம். 2014 மே மாசம் அமேதியில பிரியங்கா காந்தி 'நீச் ராஜ்நீதி'ன்னார். கீழ்த்தரமான அரசியல், அவ்வளவுதான். அதையே மோடி தன் சாதியைச் சொன்னதா மாத்தி ஓட்டுக் கேட்டார். எதிரணி இதைப் பிடிச்சுக்கும்: 'பாருங்க, கேட்டவர் திரிச்சுட்டார்!' திரிச்சாருங்க, நான் அவருக்கு வக்காலத்து வாங்க வரலை. ஆனா ஒரு தடவை சுட்ட சொல்லைத்தானே மூணு வருஷம் கழிச்சு ஐயர் வெறுங்கையால எடுத்தார்? அன்னைக்கு ராத்திரிக்குள்ள அவரைக் கட்சியை விட்டே இடைநீக்கம் பண்ணது யாரு? காங்கிரஸ்தான். 2018 ஆகஸ்ட்லதான் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. சொன்னவர் தரப்பே கேட்டவர் பொருளை ஒத்துக்கிட்ட பிறகு அண்ணனுக்கு என்ன வழக்கு பாக்கி?

'நீச்'னா அகராதியில 'தாழ்ந்த'னுதானே இருக்குன்னார் அண்ணன். இருக்கு. நம்ம தமிழ்லயும் அந்தச் சொல் இருக்கு. ஜாதகத்துல சனி நீசம்னு ஜோசியர் சொல்வார். சனி கோவிச்சுக்கிட்டு வந்து கேஸ் போடறதில்லை. ஆனா நம்ம தமிழையே 'நீச பாஷை'ன்னாங்களே, அப்போ 'அகராதிப் பொருள்ல சொன்னோம்'னா விட்டிருப்போமா? நான் சொல்ற கேட்டவர், எதிர்மேடையில நிக்கிற போட்டி வேட்பாளர் இல்லை. அந்தச் சொல்லால தலைமுறை தலைமுறையா கூப்பிடப்பட்டவர். பொருள் அவருக்குத்தான் தெரியும்.

அடுத்து கர்நாடகாவுல கோலார் பேச்சு. 'எல்லாத் திருடனுக்கும் ஏன் மோடின்னே பேரு?'ன்னு 2019ல ராகுல் காந்தி கேட்டதுக்கு, அவதூறு வழக்குல சூரத் கோர்ட் 2 வருஷத் தண்டனை கொடுத்தது. 'கேட்டவர்கிட்ட விட்டா ஜெயில்தான்'னு பயமுறுத்தினார் அண்ணன். 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வெச்சதுக்குக் காரணம் வேற: உச்சபட்சத் தண்டனைக்குக் கீழ்க்கோர்ட் காரணமே எழுதலை. அதே உத்தரவுல, அந்தப் பேச்சு நல்ல ரசனையில் இல்லை, பொது வாழ்க்கையில இருக்கறவர் கவனமாப் பேசணும்னும் சொன்னாங்க. அதை மட்டும் அண்ணன் வசதியா விட்டுட்டார்.

நடுவர் அவர்களே, நேரம் ஆச்சுன்னு தெரியுது. இறங்கறதுக்கு முன்னாடி இந்த மைக்ல அண்ணனைப் பார்த்து 'நீசன்'னு ஒரு வார்த்தை சொல்றேன். சொல்லிட்டு, 'ஜாதக அர்த்தத்துலதான் சொன்னேன்'ங்கறேன். சிரிச்சுக்கிட்டே எனக்குக் கை கொடுப்பாரான்னு நீங்களே கேளுங்க.