உச்சி வேண்டாம், ஓடை போதும்: குழந்தைகளோடு ஒரு மலை நடை

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் இரைச்சலாகக் கேட்பது ஓடை. கேமராவை ஒரு பாறைமேல் வைத்திருக்கிறேன், அதனால் படம் கொஞ்சம் சாய்வாகத் தெரியலாம். இப்போது மணி காலை பத்தே கால். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. இருவரும் கணுக்கால் அளவுத் தண்ணீரில் கூழாங்கற்களை அடுக்கி அணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறார். ஆழம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தத் தூரம்தான் எங்கள் கணக்கு.

இதோ, மேலே பாருங்கள். மேகம் விலகும்போது உச்சி தெரிகிறது. பெரியவர்கள் மட்டும் வந்திருந்தால் இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். நாங்கள் போகப்போவதில்லை. காலையில் கிளம்பும்போதே இந்த ஓடைதான் இலக்கு என்று முடிவு செய்துவிட்டோம். குழந்தைகளோடு மலைக்கு வர நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: உச்சியை இலக்காக வைக்காதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு உச்சி என்றால் ஒன்றுமே இல்லை. கால் நனைக்கத் தண்ணீர், ஏறிக் குதிக்க ஒரு பாறை, விழுந்து கிடக்கும் ஒரு மரம், இவைதான் அவனுக்கு ஊர் சேர்ந்த மாதிரி. வரைபடத்தில் பாதையைப் பார்க்கும்போது அப்படி ஓர் இடம் எங்கே வருகிறது என்று தேடுங்கள். அதுவரை நடந்தால் போதும்.

இதை நான் வசதியாகக் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், சின்னவனுக்கு மூன்று வயது. குழந்தையை உட்கார வைத்து முதுகில் தூக்கும் பை இருக்கிறதல்லவா, அதில் அவனை வைத்துக்கொண்டு இவர் ஏறினார். உச்சியைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை அதிகம். சாரலும் காற்றும் இருந்தன. இவருக்கு வியர்த்துக் கொட்டியது, ஜெர்கினைக்கூடக் கழற்றிவிட்டார். பிள்ளை சத்தமே போடவில்லை, தூங்குகிறான் என்று நினைத்தோம். ஒரு திருப்பத்தில் நின்று அவன் காலைத் தொட்டுப் பார்த்தால் பனிக்கட்டி மாதிரி இருந்தது. உதடு வெளுத்திருந்தது. சட்டென்று பாறை மறைவுக்குப் போய், ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்த ஸ்வெட்டர் போட்டு, என் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பேசத் தொடங்கினான். அந்த நிமிடங்களை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நடந்தது என்னவென்றால், சுமப்பவரின் உடம்பு உழைப்பால் சூடாகிறது. பையில் இருப்பவனோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அவன் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம், அதனால் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். தொங்கும் கால்களில் பட்டை அழுத்தினால் இரத்த ஓட்டமும் குறையும். போதாததற்கு, 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதனால் நமக்கு வியர்க்கிறதே என்று பிள்ளைக்கும் வியர்க்கும் என நினைக்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கை, கால், பிடரி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். அவ்வப்போது இறக்கிவிட்டு நடக்க விடுங்கள். பருத்தித் துணி நனைந்தால் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பைக் குளிரச் செய்யும். உள்ளே கம்பளியோ சீக்கிரம் உலரும் செயற்கைத் துணியோ நல்லது. ஒரு மாற்று உடுப்பு, இரண்டு ஜோடி காலுறை, தண்ணீர் புகாத உறைக்குள் கட்டாயம் இருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு தூரம் போகலாம், நேரம் எவ்வளவு ஆகும்? வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். மூன்று கிலோமீட்டர் பாதை, 300 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து ஒரு மணி ஆறு நிமிடம். ஆனால் அது நிற்காமல் நடக்கும் திடமான பெரியவர்களுக்கு. எங்கள் வீட்டுக் கால்களுக்கு அதே பாதை கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். நான் எப்போதும் அந்தக் கணக்கை இரண்டால் பெருக்கி, மேலே அரை மணி சேர்த்துக்கொள்வேன். அந்த அரை மணி நத்தை பார்ப்பதற்கு.

அதைவிட முக்கியமானது திரும்பும் நேரம். எங்கே இருந்தாலும் சரி, பதினொரு மணிக்குத் திரும்ப வேண்டும் என்று இன்று வீட்டிலேயே பேசி வைத்துவிட்டோம். மலையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் மனம் ‘இன்னும் கொஞ்சம், அதோ அந்தத் திருப்பம் வரைக்கும்’ என்று இழுக்கும். பிள்ளைகளிடமும் நேரத்தை முன்பே சொல்லிவிட்டால் அழுகை குறைகிறது. பெரியவள் கையில்தான் கடிகாரம் இருக்கிறது, அவள்தான் நேரம் சொல்லப்போகிறாள்.

ஏன் பதினொன்று? சுற்றிப் பாருங்கள், எல்லாம் பச்சை. ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது, ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்ததும் மேகமாகி மழையாகிறது. அதாவது, பச்சையான மலை என்றாலே மழை பெய்யும் மலை. வெயில் காலத்தில் காலை முழுக்கத் தரை சூடாகி, பிற்பகலில் மேகம் கோபுரம் மாதிரி எழும். இடியும் மின்னலும் பெரும்பாலும் அப்போதுதான். விடியலில் கிளம்பி, மதியத்துக்குள் அடிவாரத்தில் இருந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பாருங்கள், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று விநாடி. முப்பதுக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, முகட்டிலிருந்து உடனே இறங்க வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி வெளியே வருவது.

ஓடையும் அப்படித்தான். இங்கே வெயில் அடித்தாலும் மேலே எங்கோ மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று ஏறும். தெளிந்த தண்ணீர் கலங்குகிறதா, சருகும் குச்சியும் மிதந்து வருகிறதா, இரைச்சல் மாறுகிறதா என்று ஒரு ஆள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஒன்று தெரிந்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரை ஏறிவிடுங்கள், செருப்பைக்கூடத் தேடாதீர்கள். அப்புறம், அருவியின் தலைப்பக்கம் குழந்தைகளை எப்போதும் கொண்டுபோகாதீர்கள். பாசி பிடித்த ஈரப் பாறையில் எந்தக் காலணியும் நிற்காது.

...கொஞ்சம் இருங்கள், சின்னவன் கூப்பிடுகிறான்.

வந்துவிட்டேன். அட்டை! அவன் கணுக்காலில் ஒன்று ஏறியிருந்தது. நல்லவேளை, காட்டுவதற்கு வாய்ப்பாகிவிட்டது. உப்பு போடுவது, நெருப்பு வைப்பது எல்லாம் வேண்டாம். அப்படிச் செய்தால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். மெல்லிய முனைதான் பெரும்பாலும் வாய்ப்பக்கம். அந்த இடத்தில் தோலோடு ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விட்டுவிடும், பிறகு இன்னொரு முனையையும் தள்ளி எடுத்துவிடலாம். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் சுரப்பதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். அம்மா முகத்தில் பயம் இல்லை என்றால் பிள்ளையும் பயப்படுவதில்லை. பாருங்கள், அவன் மறுபடி அணை கட்டப் போய்விட்டான்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது பலகையில் உள்ள அடையாளத்தையும் படியுங்கள். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் செங்குத்தும் குறுகலும் உள்ள மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு நாட்டிலும் அடையாளம் மாறும், போகும் இடத்தின் முறையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வரைபடத்தில் உயரக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் அங்கே சரிவு செங்குத்து, அவ்வளவுதான்.

இனி நான் சொல்வதை, குழந்தை வைத்திருக்கும் எல்லோரும் தயவுசெய்து கேளுங்கள். 1981-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பாலோமர் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் குடும்பத்தோடு வந்த இடத்தில் வழி தவறிப்போனான். உயிரோடு கிடைக்கவில்லை. என் மகளின் வயது. அந்தத் தேடலில் இருந்தவர்கள் மனம் தாங்காமல் குழந்தைகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். அதன் சாரம் ஒரே வரி: தொலைந்துவிட்டால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே நில். நடக்க நடக்கத் தேட வேண்டிய பரப்பு பெருகிக்கொண்டே போகும், ஒரே இடத்தில் இருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். நாங்கள் இதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கினோம். “தேடி வருகிறவர்கள் உன்னைத் திட்ட மாட்டார்கள், முன்பின் தெரியாதவர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் கொடு” என்று சொல்லி வைத்திருக்கிறோம். பயத்தில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு, அதனால்தான் இது. இருவர் கழுத்திலும் விசில் இருக்கிறது. மலைகளில் பழைய அபாயக் குறிப்பு ஒன்று உண்டு: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதுவது, ஒரு நிமிடம் நிறுத்துவது, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை ஊதினால் ‘கேட்டுவிட்டது’ என்று பதில். ஐந்து வயதுக்கு ஆறு எண்ண வராவிட்டாலும் பரவாயில்லை, ஊதிக்கொண்டே இருந்தால் போதும். கிளம்பும் முன் இரண்டு பேரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுகிறேன். இன்று என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் நினைவு வராது.

நடக்கும்போது முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். பாதுகாப்பான ஏற்றத்தில் மட்டும் பெரியவளை முன்னே விடுவோம், வழிகாட்டும் பொறுப்பு வந்ததும் ‘கால் வலிக்கிறது’ என்பது நின்றுவிடுகிறது. அவள் பையில் எடையும் மிகக் குறைவு, அவள் உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகவே விட மாட்டேன். சின்னவனுக்கு வேறு வழி. பெரணி இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன், பின்பக்கம் பழுப்புப் புள்ளிகளாக வித்துத்தூள் பைகள் இருக்கும். மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருப்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர் என்று சொன்னேன். அதிலிருந்து ஒவ்வொரு மரத்திலும் “இங்கேயும் குடித்தனம் இருக்கிறது அம்மா” என்று தேடிக்கொண்டே வருகிறான். அப்படியே அரை கிலோமீட்டர் நடந்துவிட்டான்.

இறக்கத்தில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. களைத்த கால் சறுக்குவது இறங்கும்போதுதான். கிளம்பும் முன் ஷூ லேசை அவிழ்த்து, குதிகால் பின்னால் பதியும்படி வைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுவோம். இல்லையென்றால் விரல்கள் முன்னால் போய் முட்டும். நகத்தை முதல் நாளே வெட்டிவிட வேண்டும். வாயில் போட ஏதாவது, ஒரு வாய் தண்ணீர், சிறுநீர் கழிப்பது, எல்லாம் முடித்துவிட்டுத்தான் இறக்கம்.

“அம்மா, பதினொன்று!”

கேட்டதா? சரி, கிளம்ப வேண்டும். அணையைப் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறேன், கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிகளுக்கு அவற்றின் வீடு திரும்பக் கிடைக்கட்டும். சின்னவன் ஒவ்வொரு கல்லாக எடுத்து வைக்கிறான், அதற்கு இன்னும் பத்து நிமிடம் ஆகும்போல. அதற்குள் நான் காலுறைகளை எடுத்து வைக்கிறேன்.