முன்பின் தெரியாதவரிடம் பேசத் தயங்குவது ஏன்?

[காட்சி: பாம்பன் சாலைப் பாலம். கீழே ரயில் பாலம்.]

வணக்கம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி ஒன்று உண்டு. கப்பலுக்கு வழிவிட அது 17 மீட்டர் உயரம் எழும்பும்போது, சாலைப் பாலத்தில் செல்வோர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அருகில் நிற்பவர் யாரென்று பாராமல், "இது எங்கேயிருந்து வருகிற கப்பல்?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அதே மனிதர்கள் ராமேஸ்வரம் பேருந்தில் ஒரே இருக்கையில் அமர்ந்தால் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

உளவியல் ஆய்வாளர்கள் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. சிகாகோ பகுதியின் ரயில், பேருந்துப் பயணிகளுள் அறியாதவரிடம் பேசியவர்களுக்கே, தனியாக அமர்ந்து சென்றவர்களைவிடப் பயணம் இனிமையாக இருந்தது. ஆனால் எது இனிக்கும் என்று ஊகிக்கச் சொன்னபோது, தனிமையே இனிக்கும் என்று மக்கள் கருதினார்கள். நம்மைத் தடுப்பது இந்தத் தவறான ஊகம்தான்.

[காட்சி: மீன் இறங்குதளத்துக்கு அருகே டீக்கடை.]

பயன் இனிமையோடு முடிவதில்லை. அறிமுகமானவர் மூலம் வேலை பெற்றவர்களை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஆராய்ந்து, 1973-இல் முடிவை வெளியிட்டார். வேலையைப் பற்றிச் சொன்னவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் அவர்களில் சுமார் 17 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்களுக்குச் செய்தி சொன்னவர், எப்போதாவது கண்ணில் படுகிறவர். நெருக்கமானவர்களுக்குப் பெரும்பாலும் நாம் அறிந்ததே தெரியும் என்பது அவர் தந்த விளக்கம்.

இந்தக் கரையில் அதை நேரிலேயே காணலாம். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிக்கும். வடக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் காலத்தில் பாக் நீரிணையாகிய வடகடல் கொந்தளிக்கும். ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்தது ஒரு கடலின் நிலவரம்தான். மறுகடலின் மீன்பாட்டையும், அதாவது எவ்வளவு மீன் கிடைக்கிறது என்பதையும், விலையையும், அங்கிருந்து வந்து டீக்கடை பெஞ்சில் அமர்கிறவரே சொல்ல முடியும்.

காற்று பலமாகி, கடலுக்குப் போக அனுமதிச் சீட்டான டோக்கன் கிடைக்காத நாளில் கரையில் பேச்சு பெருகுகிறது. வருமானம் போன அந்த நாளை நான் புகழவில்லை. ஆனால் கையில் சிறிது நேரம் மிஞ்சினாலன்றி இத்தகைய பேச்சு பிறப்பதில்லை என்பதை அது காட்டுகிறது. பேருந்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்பதும், காதிலிருந்து இயர்போனை எடுத்துவிடுவதும் போதுமான தொடக்கமாகும்.

தனியே பயணம் செய்யும் பெண்ணுக்கோ களைத்திருப்பவருக்கோ பேசாமலிருக்க முழு உரிமை உண்டு. முகத்தைப் பார்த்தே அதை அறிந்து விலக வேண்டும். பேச விரும்புகிறவரிடமும், "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரணையில் இறங்காதீர்கள். "இன்று மீன்பாடு எப்படி?" என்று கேளுங்கள், தாம் அறிந்த தொழிலைப் பற்றிச் சொல்வதில் எவருக்கும் மகிழ்ச்சி உண்டு.