பகல் தூக்கம் ஏன் பாதியில் கலைகிறது?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க.

பல்லடம், சோமனூர், அவிநாசிப் பக்கம் மில்லிலும் தறிக்குடோனிலும் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. "காலையில ஒம்பது மணிக்குப் படுத்தா ஒரு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துருதுங்க. அப்புறம் எவ்வளவு பொரண்டாலும் தூக்கம் புடிக்கறதில்ல." மனசில் ஏதோ கவலை என்று வீட்டில் நினைப்பார்கள். கவலையே இல்லாதவருக்கும் அப்படித்தான் முழிப்பு வரும்.

உடம்பின் உள்வெப்பம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. சாயங்காலம் உச்சத்துக்குப் போகும், ராத்திரி இறங்கும், விடியற்காலை 4, 5 மணி வாக்கில் அடிமட்டத்தைத் தொடும். ஏற்ற இறக்கம் மொத்தமே ஒரு டிகிரி செல்சியஸ் அளவுதான். ஆனால் தூக்கம் அந்த ஒரு டிகிரியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. வெப்பம் இறங்கும்போது தூக்கம் வந்து நிலைக்கும், ஏறும்போது கலையும். நீங்கள் காலை 9 மணிக்குப் பாயை விரிக்கும்போது அது ஏறிக்கொண்டிருக்கிறது.

பிறகு எப்படி நாலு மணி நேரமாவது தூக்கம் வருகிறது? விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்கிற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். கண்ணை இழுப்பது அதுதான். தூங்கினால் அது கரையும். முதல் சில மணி நேரத்தில் ஆழ்ந்த தூக்கமும் முடிந்து, அடினோசினும் பெருமளவு கரைந்த பிறகு, மீதித் தூக்கத்தைத் தாங்கிப் பிடிக்க, உடம்பின் வெப்பத்தை ஏற்றி இறக்குகிற உடல் கடிகாரம் ஒன்றுதான் பாக்கி. அதுவோ 'பட்டப்பகல், எழுந்திரு' என்கிறது.

அந்தக் கடிகாரம் இருப்பது மூளையின் அடிப்பக்கம், ஹைபோதலாமஸ் என்கிற பகுதியில். இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சின்னக் கொத்து. செல்லுக்குள் இது ஓடும் விதத்தை, வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈயை வைத்துக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் என்கிற அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு. நம் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் நீளம். தினமும் அதைத் திருத்தி வைப்பது வெளிச்சம். சுற்று நீளம் என்பதால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பதுதான் கஷ்டம். அதனால் ஷிப்ட் மாற்றும்போது பகல், சாயங்காலம், இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு ஒத்துப்போகும். தலைகீழாக மாற்றினால் ரொம்பச் சிரமம். ஷிப்ட் பட்டியல் போடும் மேஸ்திரிகள் இதைக் கவனித்தால் காசு செலவில்லாமல் ஒரு நல்லது நடக்கும்.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்கிற அலகில் அளப்பார்கள். மில்லுக்குள் எத்தனை டியூப்லைட் எரிந்தாலும் சில நூறு லக்ஸ்தான். காலை வெயிலில் அது பல ஆயிரமாகிவிடும். எட்டு மணிக்கு அந்த வெயிலைக் கண் வாங்கினால் கடிகாரம் பகலிலேயே கெட்டிப்படும். மில் வேனில் வருகிறவர்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளலாம். பைக் ஓட்டி வருகிறவர்கள் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் அந்த வெளிச்சமாவது கண்ணில் படட்டும்.

அடுத்தது சூடு. பெரும்பாலோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். லைன் வீடு, மேலே சிமெண்ட் அட்டைக்கூரை, ஏப்ரல் மாசம், ஈரோட்டில் 40 டிகிரி. கனவு காணும் தூக்கக் கட்டத்தில் உடம்பு தன் வெப்பத்தைத் தானே சரிக்கட்டும் வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். அறை சூடானால் முதலில் அடிபடுவது அந்தக் கட்டம்தான். கூரைக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயில் விழும் பக்கத்து ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது மேல். சூடு உள்ளே வருவதற்கு முன்பே நின்றுவிடும். அறைக்காற்று 35 டிகிரியைத் தாண்டினால் வெறும் ஃபேன் வெக்கையைத்தான் மேலே வாரி இறைக்கும். ஈரத்துண்டைப் பிழிந்து மேலே போர்த்திக்கொண்டு ஃபேனைப் போட்டால் நீர் ஆவியாகி உடம்பு குளிரும். குளிப்பதற்குப் பச்சைத் தண்ணீரைவிட வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. கைகாலுக்கு ரத்தம் ஓடி, உள்ளே இருக்கும் சூடு வெளியேறும். குளித்து ஒரு மணி நேரம் கழித்துப் படுக்கலாம்.

சத்தத்தில் ஒரு விசித்திரம். தறிக்குடோனை ஒட்டிய வீட்டுக் குழந்தை தறி ஓடும்போது நன்றாகத் தூங்கும், கரண்ட் போய்த் தறி நின்றால் முழித்துக்கொள்ளும். ஒரே மாதிரி வரும் சத்தத்தைத் தூங்கும் மூளை ஒதுக்கிவிடுகிறது, மாறுவதைத்தான் கவனிக்கிறது. குக்கர் விசிலும் செல்போன் மணியும்தான் எதிரி, ஃபேன் இரைச்சல் அல்ல. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயனில்லை. ஃபோம் அடைப்பானை உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருக வேண்டும். ஒலிக்குப் பழகிக்கொள்வது மூளை மட்டுமே. காதுக்குள் ஒலியை உணரும் மயிரணுக்கள் பழகுவதில்லை, செத்தால் திரும்ப முளைப்பதுமில்லை. தறிக்குப் பக்கத்தில் நிற்கும்போது அடைப்பான் கட்டாயம்.

டீ. ஒரு கிளாஸில் சுமார் 40, 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அடினோசின் போய் உட்காரும் இடத்தைக் கஃபீன் அடைத்துக்கொள்கிறது. குடித்ததில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 4 மணி டீயில் பாதி 9 மணிக்கு உங்களோடு பாயில் படுத்திருக்கும். கடைசி டீயை 2 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் கண் சொக்கினால், இடைவேளையில் 20 நிமிடம் சாய்வது போதும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவீர்கள். எழுந்தால் தலை கிறுகிறுக்கும், மெஷின் பக்கம் போகவே கூடாது.

சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன் முடியுங்கள். அதே சோறு நடுராத்திரியில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுக்கிறவர்கள் சாப்பாட்டு நேரம் மாறினால் மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை கீழே விழும்.

பகல் ஒரு மணிக்கு முழிப்பு வந்தே தீரும் என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் ஏறுகிறவர்கள் ராத்திரி எட்டிலிருந்து பத்தரை வரை மறுபடி படுக்கலாம். தூக்கத்தை இரண்டாகப் பிரிப்பதில் தப்பில்லை; மொத்தம் ஏழு மணி நேரத்தை ஒட்டி வந்தால் சரி. அந்த இரண்டாவது தூக்கம் இல்லாவிட்டால், மறுநாள் காலை வீடு திரும்பும்போது நீங்கள் 19 மணி நேரம் விழித்திருப்பீர்கள். 17 மணி நேரத்திலேயே கவனம், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் மது உள்ளவர் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது. நம் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு விட்டிருக்கும் அளவு 30. முகம் கழுவுவதெல்லாம் சில நிமிடத்துக்குத்தான். ஹெல்மெட்டுக்குள் தலை ஒரு முறை தொங்கினாலும் வண்டியை ஓரங்கட்டி, சாவியை எடுத்துவிட்டு, 20 நிமிடம் கண்ணை மூடுங்கள்.

நன்றி, வணக்கம்.