விண்வெளியில் செல் கெட்டது கதிர்வீச்சாலா, எடையின்மையாலா?

பிரிக்பீல்ட்ஸ் அன்பர்களுக்கு வணக்கம்.

2007 அக்டோபர் 10 அன்று நம் மலேசிய நாட்டு டாக்டர் ஷேக் முஸ்ஸாபர் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் ஏறி விண்வெளி நிலையத்துக்குப் போனது நினைவிருக்கும். விண்வெளியில் ரத்தப் புற்று, கல்லீரல் புற்று செல்கள் எப்படி வளர்கின்றன என்று பார்ப்பதும் அவர் வேலைகளில் ஒன்று. அவர் அங்கே கொண்டாடிய ஹரி ராயாதான் நமக்கெல்லாம் ஞாபகம். செல்களை யார் கேட்டார்கள்!

அங்கே செல்லுக்கு இரட்டை இடி. முதல் இடி எடையின்மை. கலக்காத தேத்தண்ணியில் கெட்டிப்பால் அடியில் தங்குமே, அங்கே தங்காது. செல்லும் குடுவையின் அடியில் போய் உட்காராது. சூடான திரவம் மேலேறும் ஓட்டமும் நின்றுபோவதால், சத்து மெல்லப் பரவித்தான் வந்து சேர வேண்டும். கழிவு பக்கத்திலேயே தேங்கும். 1983-இல் ஸ்பேஸ்லாப்-1 என்ற விண்வெளி ஆய்வகப் பயணத்தில் கொகோலி என்ற ஆய்வாளரின் குழுவினர், ரத்த வெள்ளையணுக்களைக் கான்கனவாலின்-ஏ என்ற புரதம் கொடுத்துப் பெருகத் தூண்டினார்கள். தரையில் காணும் தூண்டலில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே தெரியவில்லை.

அடுத்தது கதிர்வீச்சு. பூமியில் நமக்கு இயற்கையாக ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்கிறது. விண்வெளி நிலையத்தில் ஆறே மாதத்தில் 80 முதல் 160 வரை. அளவைவிட வகைதான் மோசம். இரும்பின் அணுக்கரு போன்ற கனத்த துகள் பாயும் வழியெல்லாம் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் நெருக்கமாக அறுத்துவிடும். ஓர் இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் செல் சரிசெய்துகொள்ளும். இரண்டும் அறுந்தால் தவறான முனைகள் ஒட்டிக் குரோமோசோம் உருமாறலாம். கலத்தின் அலுமினியச் சுவரைத் தடிமனாக்கினால் தீராது: துகள் அதில் மோதிச் சிதறி நியூட்ரான்களைக் கிளப்பும். அதைவிட ஹைட்ரஜன் நிறைந்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக் மேலானது.

சரி, செல் கெட்டது எதனால்? இதற்குத்தான் நிலையத்திலேயே ஒரு சுழலி வேண்டும். ஐரோப்பியரின் கியூபிக் என்ற செல் வளர்ப்புப் பெட்டியில், ஒரே வெப்பத்தில், ஒரு தொகுதி செல்கள் சும்மா இருக்கும். இன்னொன்று பூமியின் ஈர்ப்பளவுக்குச் சுழலும். இரண்டுக்கும் அதே கதிர்வீச்சு, ஏவும்போது அதே குலுக்கல். வேறுபாடு தெரிந்தால் அது எடையின்மையின் வேலை. சுழலி இல்லாத சோதனையை முழுசாக நம்ப முடியாது.

சோதனை கெடுவது சின்ன விஷயங்களில். வளர்ப்புப் பையில் குமிழி இருந்தால் மேலே வராது; செல்மீதே ஒட்டிக் காயவைத்துவிடும். செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் ரசாயனத்தைத் தரையிறங்கும் முன்பே செலுத்த வேண்டும். தாமதித்தால் திரும்பும் வழியில் அழுத்தும் ஈர்ப்புக்குச் செல் மறுமொழி காட்டத் தொடங்கிவிடும்.

கோலாலம்பூர் ஆய்வகத்தில் கிளினோஸ்டாட் (செல்லைச் சுற்றிக்கொண்டே இருந்து எடையின்மையைப் போலச் செய்யும் கருவி) வைத்து ஒத்திகை பார்க்கலாம். மெதுவாகச் சுற்றினால் செல் படியும், வேகமாகச் சுற்றினால் ஓரத்துக்குத் தள்ளப்படும். கதிர்வீச்சு மட்டும் அதில் கிடைக்காது.