ஆர்மி செலக்‌ஷன்ல அந்த 5 விநாடி எங்க போகுது? பயப்படுற டெல்டா பசங்களுக்கு ஒரு கணக்கு!

[திரையில்: விடியற்காலை, வெண்ணாற்றங்கரை, ஓடுற கால்கள் மட்டும்]

ஊர்ல தினமும் ஐந்தரை நிமிஷத்துக்குள்ள ஓடி முடிக்கிற பையன், செலக்‌ஷன் அன்னைக்கு 5 நிமிஷம் 35 விநாடி. கேட்டா "கூட்டத்தைப் பார்த்ததும் பயந்துட்டேன்"னு சொல்லுவான். பயம் இருந்திருக்கும், இல்லைங்கல. ஆனா அந்த 5 விநாடியைத் தின்னது வேற ஒண்ணு. அவன் பக்கத்துல ஓடினவனை விட 25 மீட்டர் அதிகமா ஓடியிருக்கான்!

வணக்கம் மக்களே. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் ஆர்மிக்குத் தயாராகிட்டு, உள்ளுக்குள்ள "நம்மால முடியுமா"ன்னு குழம்பிட்டிருக்கிற தம்பிகளுக்காகத்தான் இந்த வீடியோ.

பின்னணியை வேகமா முடிச்சுடுறேன். 2022 ஜூன்ல, படைக்கு ஆள் எடுக்க அக்னிபத் திட்டம் அறிவிச்சாங்க. சேர்ந்தா நாலு வருஷம் சர்வீஸ். முதல்ல ஆன்லைன் எழுத்துத் தேர்வு, அதுல தேறினவங்களுக்குத்தான் ஓட்டம். ஜெனரல் டியூட்டிக்கு, அதாவது பொதுவான சிப்பாய் வேலைக்கு, 50 கேள்வி, 100 மார்க், ஒரு மணி நேரம். தப்பா எழுதினா அரை மார்க் போகும். தமிழ்லயும் எழுதலாம். நம்ம மாவட்டங்களுக்குத் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகம். அவ்வளவுதான்.

[திரையில்: 400 மீட்டர் டிராக், மேலிருந்து]

இப்ப ஓட்டம். 1.6 கிலோமீட்டர், அதாவது 400 மீட்டர் டிராக்ல நாலு ரவுண்டு. 5:30-க்குள்ள வந்தா முழுசா 60 மார்க். 5:31-லேர்ந்து 5:45 வரைக்கும் 48. ஒரு விநாடி தாண்டினாலும் 12 மார்க் காலி. 330 விநாடியை நாலால வகுங்க: ரவுண்டுக்கு 82.5 விநாடி. இந்த நம்பரை மனப்பாடம் பண்ணிக்குங்க.

இன்னொரு பையன் எப்படி ஓடுறான்னு பாருங்க. விசில் அடிச்சதும் எல்லாரும் பாயுறாங்க, இவனும் பாயுறான். முதல் ரவுண்டு 68 விநாடி. ரெண்டாவது 80. மூணாவதுல தொடை கல்லாயிடுது, 95. கடைசில பல்லைக் கடிச்சு 92. கூட்டினா 335. இதே பையன் 81, 83, 84, 80-னு ஓடியிருந்தா 328, முழுசா 60 மார்க்! அதே காலு, அதே மூச்சு. முதல் ரவுண்டுல பத்துப் பதினைஞ்சு பேர் உங்களைத் தாண்டிப் போனா விடுங்க. மூணாவது ரவுண்டுல அவங்கள்ல பாதிப் பேர் உங்க பின்னாடிதான் இருப்பாங்க.

அந்த 25 மீட்டர் கதைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. வளைவுல உள்கோட்டை விட்டு ஒரு மீட்டர் வெளிய தள்ளி ஓடினீங்கன்னா, ஒரு ரவுண்டுக்கு 6.28 மீட்டர் கூடுது. வட்டத்தோட ஆரம் ஒரு மீட்டர் கூடினா சுற்றளவு ரெண்டு பை கூடும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதேதான். நாலு ரவுண்டுக்கு 25 மீட்டர். ஐந்தரை நிமிஷ வேகத்துல விநாடிக்கு 4.85 மீட்டர் போறீங்க. அப்ப 25 மீட்டருக்கு? 5 விநாடிக்குக் கொஞ்சம் மேல! கூட்டத்துல முந்தணும்னு வளைவுல வெளிப்பக்கமா ஏறினா இதுதான் நடக்கும். வளைவுல உள்ளேயே ஒட்டி ஓடுங்க, முந்துறதை நேர்பாதைல வெச்சுக்குங்க.

[திரையில்: ஆற்றங்கரை, சைக்கிள் சக்கரத்துல கட்டின துணி]

நம்ம ஊர்ப் பசங்க பெரும்பாலும் ஆத்தங்கரைல ஓடுறாங்க. கரை நேரா போகும், வளைவே பழகாது. வாரத்துக்கு ரெண்டு நாளாவது ஸ்டேடியமோ பள்ளிக்கூட மைதானமோ போயிடுங்க. கரையிலதான் ஓடணும்னா தூரத்தைச் சரியா அளங்க. போன் ஆப் மரத்தடில தடுமாறும். சைக்கிள் சக்கரத்துல ஒரு துணியைக் கட்டி, ஒரு சுத்து எத்தனைன்னு டேப்ல பாருங்க. 28 இன்ச் சக்கரம்னா 2.2 மீட்டர் சுமாருக்கு வரும், 182 சுத்துக்கு 400 மீட்டர். அங்க ஒரு கல்லை நட்டுடுங்க.

ஐப்பசி, கார்த்திகைல கரைக் களிமண் ஷூவுல அப்பி கணுக்கால் மடங்கும், அப்ப தார் ரோட்டு ஓரமே மேல். அறுத்த வயல்ல ஓடலாம்னா அங்க உளுந்து, பயறு தெளிச்சிருப்பாங்க. சித்திரைல தரிசு வெடிச்சு கிடக்கும், வெடிப்புல கால் போனா ஆறு வாரம் படுக்கைதான். கொள்ளிடத்து மணல்ல ஓடினா கெண்டைக்கால் நல்லா ஏறும், ஆனா செலக்‌ஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி மணலை விட்டுட்டு கெட்டித் தரைக்கு வந்துடுங்க.

ஓட்டம் முடிஞ்ச களைப்போட பீம், அதாவது கம்பியைப் பிடிச்சுத் தொங்கி உடம்பை மேல இழுக்கிற புல்-அப். 10 எடுத்தா 40 மார்க், 9-க்கு 33, 6-க்கு 16. வீட்ல 12 எடுக்கிறவன் அங்க 7-ல தொங்குறது ஏன்? எப்பவும் ஓடாம எடுத்துப் பழகியிருக்கான். 1.6 ஓடி பத்து நிமிஷத்துக்குள்ள பீம் பிடிச்சுப் பழகுங்க. கையை முழுசா நீட்டித் தொங்கணும், தாடை கம்பிக்கு மேல வரணும், ஊஞ்சல் ஆடினா எண்ண மாட்டாங்க. ஒண்ணுகூட வரலைன்னா ஸ்டூல் போட்டு மேல ஏறி, எட்டு விநாடி எடுத்து மெதுவா இறங்குங்க. இறங்குற பலம்தான் ஏத்திவிடும். 9 அடிப் பள்ளம் தாண்டுறதும், வளைஞ்சு வளைஞ்சு போற கட்டை மேல விழாம நடக்கிற ஜிக்ஜாக் பேலன்ஸும் தேறினா போதும், மார்க் கிடையாது.

மெடிக்கல் பயம் இருக்கிறவங்க முன்னாடியே அரசு ஆஸ்பத்திரில காட்டிடுங்க. காது அழுக்கை எடுங்க, பல்லைச் சுத்தம் பண்ணுங்க, ஹைட்ரோசீல் (விதைப்பைல நீர் கோத்து வீங்குறது) இருக்கான்னு கூச்சப்படாம கேளுங்க. உயரம் குறைஞ்சது 166 சென்டிமீட்டர், மார்பு 77, விரிச்சா இன்னும் 5. நிறக்குருடு இருக்கான்னு இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது, அதுக்கு மருந்து கிடையாது. பணம் குடுத்தா மெடிக்கல் முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தன் வருவான். ஒரு ரூபாகூடக் குடுக்காதீங்க, தயவுசெஞ்சு.

ஹிந்தி? சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பீச்சே முட், தேஜ் சல், தம். முதல் வாரத்துக்கு இந்த அணிவகுப்புக் கட்டளைகள் போதும், மத்தது காதுல விழ விழ வரும்.

நாலு வருஷம் கழிச்சு என்னங்கிற சந்தேகம் நியாயமானது, அதை மழுப்பக் கூடாது. திட்டப்படி அதிகபட்சம் நாலுல ஒருத்தரைத்தான் நிரந்தரமா எடுப்பாங்க. திட்டத்தை அறிவிச்சப்ப சொன்ன கணக்குப்படி முதல் வருஷம் மாசச் சம்பளம் 30,000, கைக்கு வர்றது 21,000. பிடிச்ச பணத்துக்குச் சமமா அரசும் போட்டு, கடைசில வட்டியோட 11.71 லட்சம். நடுவுல பிடிக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டு வர முடியாது, ரொம்ப விதிவிலக்கான காரணம் இருந்தாத்தான் விடுவாங்க. அதனால சந்தேகத்தை ஃபார்ம் போடுறதுக்கு முன்னாடியே தீர்த்துக்குங்க.

சாவு பயத்தைப் பத்தி. 1999-ல கார்கில் போர்ல பட்டாலிக்ல வீரமரணம் அடைஞ்ச மேஜர் சரவணன் நம்ம திருச்சிக்காரர். ஆபத்து நிஜம். 48 லட்சம் காப்பீடு இருக்கு, ஆனா அதைச் சொல்லி ஒரு அம்மாவைத் தேத்த முடியாது, தேத்தவும் கூடாது. வீட்ல மறைச்சு ஃபார்ம் போடாதீங்க. அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க ஊர்ல ரிட்டையர் ஆகி வந்த ஒரு சுபேதார், ஹவில்தார் வீட்டுக்குப் போங்க. யாரும் இல்லைன்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேளுங்க. லீவு எத்தனை நாள், போன் எப்ப பேசலாம், அடிபட்டா யார் பார்ப்பாங்க, இதையெல்லாம் அம்மாவே அவர்கிட்ட கேக்கட்டும், நீங்க குறுக்க பேசாதீங்க.

அங்க பதில் வராத கேள்வி ஏதாவது இருந்தா கமெண்ட்ல போடுங்க. நாலு ரவுண்டு நேரத்தையும் தனித்தனியா எழுதுங்க, மொத்த நேரத்தை மட்டும் போட்டா எந்த ரவுண்டுல விடுறீங்கன்னு எங்களால சொல்ல முடியாது.