பெட்டியில் 4.8, ரெண்டர் ஓடும்போது 3.3: டர்போ எங்கே போகிறது?

வணக்கம் மக்களே. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியை இன்றைக்கு எடுத்துக்கொள்வோம். "பெட்டியில் 4.8 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. ரெண்டர் போட்டால் கொஞ்ச நேரத்தில் 3.3-க்கு இறங்கிவிடுகிறது. ப்ராசசர் போச்சா?" போகவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் மாற்றித் தர மாட்டார்கள். அந்த 4.8, ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்களில் ஒன்றிரண்டுக்கு மட்டும் கொடுத்த வாக்கு. எல்லாக் கோரும் சேர்ந்து உழைத்தால் என்ன வேகம் என்பதைப் பெட்டியில் தேடினால் கிடைக்காது.

இன்டெல் கோர் ஐ7-10700-ஐ வைத்துப் பார்ப்போம். 2020-இல் வந்தது, எட்டுக் கோர், பதினாறு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் பதினாறு வேலை வரிசை. அடிப்படை வேகம் 2.9, உச்சம் 4.8, மின்சாரம் 65 வாட். இந்த மூன்று எண்ணும் பெட்டியிலும் இணையதளத்திலும் இருக்கும். படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? 65 வாட்டில் 4.8 ஓடும் என்று. 65 வாட் என்பது 2.9-க்கு உரிய கணக்கு. 4.8-க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்படி அடிப்படை வேகத்துக்கு மேலே தற்காலிகமாக ஏறுவதுதான் டர்போ. அது புதிய விஷயமும் இல்லை. 2008 கடைசியில் வந்த ஐ7-920-இலேயே உண்டு. அடிப்படை 2.66, நான்கு கோரும் ஓடினால் 2.8, ஒன்று மட்டும் ஓடினால் 2.93. அன்றைக்கு வித்தியாசம் அவ்வளவுதான், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 10700-இல் அடிப்படைக்கும் உச்சத்துக்கும் நடுவே 1.9 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கிறது. அதனால்தான் இத்தனை குழப்பம்.

சிப்புக்குள்ளே ஒரு அட்டவணை இருக்கிறது. எத்தனை கோர் விழித்திருந்தால் உச்ச வேகம் எவ்வளவு என்று. முன்பெல்லாம் இன்டெலே இதைக் கோர்வாரியாகச் சொல்லும். 2017-இல் எட்டாம் தலைமுறை வந்ததும் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இதில் இன்றைக்கும் கோபம் உண்டு. வாங்குகிறவனுக்கு மிகவும் தேவையான எண்ணையே மறைத்தால் எப்படி? லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, டர்போஸ்டாட் என்ற கருவியை ஓட்டுங்கள். இதோ, மேலே ஓடுகிறது பாருங்கள், வரிசையாக வருவது அந்த அட்டவணைதான். எட்டுக் கோருக்கு 46 என்று நிற்கிறதா? அதை 100 மெகாஹெர்ட்ஸால் பெருக்குங்கள், 4.6. ஆக எல்லாக் கோரும் ஓடினாலும் அட்டவணைப்படி 4.6 வரை போக அனுமதி உண்டு. உச்சத்துக்கு 200 மெகாஹெர்ட்ஸ்தான் குறைவு. அப்படியென்றால் 3.3-க்கு ஏன் விழுகிறது? அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் இன்னொன்று. சிலருக்கு ஒரே கோர் ஓடும்போதும் 4.8 வருவதே இல்லை. இங்கே "விழித்திருக்கும் கோர்" என்பதைக் கவனியுங்கள். ஒரு கோர் சும்மா இருந்தால் போதாது, ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிருந்தால்தான் அட்டவணை அதைக் கணக்கில் இருந்து விடும். கேம் வேகமாக ஓடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) சி-ஸ்டேட்டை, அதாவது கோர் தூங்கும் வசதியை, முழுசாக அணைத்து வைத்திருப்பீர்கள். அப்போது எல்லாக் கோரும் எப்போதும் விழித்தே இருக்கும், மேல்படி வேகம் வரவே வராது. டிஸ்கார்டு, பிரவுசர், ஆண்டிவைரஸ் எல்லாம் பின்னால் ஓடி, தூங்கும் கோரைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தாலும் இதே கதிதான். டாஸ்க் மேனேஜரில் தெரியும் ஒற்றை எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஒவ்வொரு கோருக்கும் 'எஃபெக்டிவ் கிளாக்' என்று ஒரு வரி இருக்கிறது, கிளாக் என்றால் கோர் ஓடும் வேகம். தூங்கிய நேரத்தையும் கணக்கில் எடுக்கும் எண் அது.

சரி, இப்போது சினிபெஞ்ச் ஆர்23 என்ற ரெண்டர் சோதனையைப் போடுகிறேன், மல்டி கோர். வலது பக்கம் பாருங்கள். எட்டுக் கோரும் 4.6. சிப் முழுவதும் இழுக்கும் வாட்டைக் காட்டும் பேக்கேஜ் பவர் என்ற வரியில் 65 வாட்டை எப்போதோ தாண்டியாகிவிட்டது. கொஞ்சம் பொறுங்கள்... இதோ, விழுந்துவிட்டது. வாட் 65-இல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, கிளாக் 3.3 பக்கம் ஆடிக்கொண்டிருக்கிறது. வெப்பநிலையைப் பாருங்கள், குறைந்திருக்கிறது. சூட்டினால் விழுந்திருந்தால் 100 டிகிரியில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். இது வேறு விஷயம்.

இதற்குப் பின்னால் மூன்று எண்கள். பிஎல்1, நீண்ட நேரத்துக்கான வரம்பு, இந்தச் சிப்புக்கு 65 வாட். பிஎல்2, கொஞ்ச நேரத்துக்கான வரம்பு, 224 வாட். நன்றாகக் கேளுங்கள், 65 வாட் சிப்புக்கு 224! மூன்றாவது டாவ், அந்தச் சராசரியைக் கணக்கிடும் கால அளவு, 28 வினாடி. மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரிதான். சிப் சமீபத்தில் சராசரியாக எவ்வளவு வாட் செலவழித்தது என்று எழுதிக்கொண்டே வரும். சராசரி 65-க்குள் இருக்கும்வரை 224 வரை கடன் வாங்கலாம், தாண்டியதும் கடை மூடிவிடும். அதனால் 28 வினாடி என்றால் சரியாக 28 வினாடி ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு அதிகமாக இழுக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் முடியும்.

இதனால்தான் பல விமர்சன வீடியோக்களை நான் நம்புவதில்லை. பத்து வினாடி பெஞ்ச்மார்க் ஓட்டிவிட்டு "பறக்கிறது" என்பார்கள். நீங்கள் ஒரு மணி நேர ரெண்டர் போடுகிறீர்கள். இரண்டுக்கும் வேறு வேறு ப்ராசசர் வாங்கிய மாதிரி இருக்கும்.

வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் வாட் ஏன் இப்படி எகிறுகிறது? மின்செலவு கிளாக்கோடு நேராக ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். கிளாக்கை 10 சதவீதம் கூட்ட வோல்டேஜையும் 10 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், 1.1-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 1.33. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மின்சாரம். கடைசி 300, 400 மெகாஹெர்ட்ஸ்தான் வாட்டைத் தின்கிறது.

எல்லா லோடும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் ஓடும் புரோகிராம் என்றால் அதே கிளாக்கில் மின்சாரம் இன்னும் அதிகம். சர்வர் பக்கம் இது அப்பட்டமாகத் தெரியும். 2017-இல் வந்த இன்டெலின் சர்வர் சிப் ஜியான் பிளாட்டினம் 8180, 28 கோர். ஒற்றைக் கோர் உச்சம் 3.8. எல்லாக் கோரும் சாதாரண வேலை செய்தால் 3.2, ஏவிஎக்ஸ்2 என்றால் 2.8, ஏவிஎக்ஸ்-512 என்றால் 2.3. ஒரே சிப்தான்.

அப்புறம் மதர்போர்டு. பிஎல்1, பிஎல்2, டாவ் மூன்றையும் மாற்றும் சுதந்திரம் போர்டு தயாரிப்பாளருக்கு உண்டு. நிறைய விலையுயர்ந்த போர்டுகள் வரம்பையே எடுத்துவிட்டுத்தான் வருகின்றன. அதில் இதே 10700-ஐப் போட்டால் ரெண்டர் முடியும்வரை 4.6 நிற்கும். உங்கள் நண்பரின் கணினி வேகமாகவும் உங்களுடையது மெதுவாகவும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆனால் பெட்டிக்குள் வந்த கூலரோடு வரம்பை எடுத்தீர்கள் என்றால் 100 டிகிரியில் முட்டும், அங்கே சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பவர் பகுதியில் ஹீட்சிங்க்கூட இல்லாத மலிவு போர்டு என்றால் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஏஎம்டி ரைசன் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அங்கே கோர்வாரி அட்டவணை கிடையாது, அவ்வளவுதான். 2018-இல் வந்த ஏஎம்டியின் டர்போ முறையான பிரசிஷன் பூஸ்ட் 2 வெப்பம், வாட், ஆம்பியர் எல்லாம் பார்த்து 25 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏறி இறங்கும். ரைசன் 5 3600-இல் 65 வாட் என்று எழுதியிருக்கும், உண்மையான வரம்பு 88. 2019-இல் ரைசன் 3000 வந்தபோது பலருக்கு ஒற்றைக் கோரில்கூட பெட்டியில் இருந்த வேகம் வரவில்லை. செப்டம்பரில் பயாஸ் அப்டேட் கொடுத்துத்தான் சரிசெய்தார்கள். எனக்கு ஏஎம்டி முறைதான் பிடிக்கும், திடீரென்று விழாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

உங்கள் சிப்பில் என்ன செய்வது? சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு வரும் கிளாக்கை எழுதி வையுங்கள். ரெண்டருக்கு உங்கள் உண்மையான வேகம் அதுதான். நல்ல டவர் கூலர் இருந்தால் பயாஸில் பிஎல்1-ஐ 65-இலிருந்து 95-க்கோ 100-க்கோ ஏற்றுங்கள், வெப்பத்தைப் பாருங்கள், 85-க்குள் நின்றால் விட்டுவிடுங்கள். 224-க்கு ஏற்றாதீர்கள், கடைசி 300 மெகாஹெர்ட்ஸுக்கு அவ்வளவு மின்சாரமும் விசிறிச் சத்தமும் தேவையில்லை. கேம் மட்டும் ஆடுகிறீர்கள் என்றால் பெரும்பாலான கேம்கள் எட்டுக் கோரையும் இப்படிப் பிழிவதில்லை, ரெண்டர் அளவுக்கு விழாது.

லேப்டாப்பில் இதே கதை இன்னும் மோசம், மெலிந்த மாடல்கள் பலவற்றில் நீண்ட நேர வரம்பே 15 வாட்தான். அதை அடுத்த வீடியோவில் திறந்து பார்ப்போம்.